ஒரு மடி மல்லாட்டை

கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், "சோறு பாருங்க, மல்லிகைப்பூ மாதிரி கீது" என்று சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். பாவம், அவர்மேல் தப்பில்லை. அந்த அரிசி பல நேரம் என் மில்லில் அரைத்ததாகவே இருக்கும். என்னைப் புகழ்வதாக நினைத்துக்கொண்டுதான் அவர் சொல்லுவார். நான் பாதி இலையில் எழுந்து கை கழுவப் போய்விடுவேன். மில்காரனுக்குத் தலைக்கனம் என்று ஊரில் ஒரு பேச்சு இருக்கிறது. பேசிவிட்டுப் போகட்டும்.

உத்திரமேரூரிலிருந்து பெருநகர் போகிற வழியில் இருக்கிறது எங்கள் மில். அப்பா ஆரம்பித்தது. அப்பா காலத்தில் ஒரே ஒரு ஹல்லர் மிஷின். நெல்லைக் கொட்டினால் உமியும் தவிடும் குருணையும் அரிசியும் ஒன்றாக வந்து விழும். நான் தலையெடுத்த பிறகு உமி உரிக்கிற ரப்பர் ஷெல்லர், கல் பொறுக்குகிற மிஷின், பாலிஷர் என்று ஒவ்வொன்றாக வந்தன. உமி போனதும் அரிசியின்மேல் பழுப்பாக ஒரு தோல் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைச் சுரண்டி எடுப்பதுதான் பாலிஷரின் வேலை. சுரண்டி எடுத்தது தவிடு. ஒரு தடவை விட்டால் மங்கலான வெள்ளை. இரண்டு தடவை விட்டால் கடைக்காரர்கள் கேட்கிற வெள்ளை. நாலு தடவை விட்டால் கண்ணாடி. நாலு தடவை யாருக்கும் விடமாட்டேன். அரிசி நொறுங்கும், கரண்ட்டும் தண்டம். என் வாழ்நாளில் ஒரே ஒருத்திக்குத்தான் நாலு பாலிஷ் போட்டிருக்கிறேன். அவள் என் தங்கை.

எனக்கும் அவளுக்கும் பதினோரு வயசு வித்தியாசம். அவள் ஏழாவது படிக்கும்போது அம்மா போய்விட்டாள். அப்புறம் அவளுக்குத் தலை பின்னிவிட்டதைத் தவிர மற்றதெல்லாம் நான்தான் செய்தேன். தலை பின்னிவிட்டது என் மனைவி. ராஜகுளத்தில் நல்ல இடமாகப் பார்த்துக் கொடுத்தோம். தலைப்பிரசவத்துக்கு அவளை அழைத்துக்கொண்டு வந்தபோது எனக்கு ஒரே ஒரு பயம்தான். தாயில்லாத பெண், அதனால்தான் சரியாகப் பார்க்கவில்லை என்று எவர் வாயிலிருந்தும் ஒரு சொல் வந்துவிடக் கூடாது. அந்தப் பயத்தைத்தான் நான் பாசம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாசமும் இருந்தது, இல்லாமல் இல்லை.

பத்தியம் பார்ப்பதற்கு அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, பெருநகரிலிருந்து பஸ் ஏறி வந்தாள். ஆறு பிள்ளை பெற்றவள். ஆறும் குத்துக்கல்லாட்டம் இருக்கிறார்கள். அதைவிடப் பெரிய சர்டிபிகேட் என்ன வேண்டும்? ஆண் குழந்தை பிறந்து வீட்டுக்கு வந்த அன்றே அத்தை சட்டம் சொல்லிவிட்டாள். மூன்று மாசத்துக்குப் பருப்பு கூடாது, வாயு. கீரை கூடாது, பேதி. முட்டை கூடாது, மாந்தம். பழம் குளிர்ச்சி, வேர்க்கடலை பித்தம். எல்லாம் முன்னோர் விலக்கியதாம். நாங்கள் தினமும் தின்கிற புழுங்கல் அரிசிகூட மந்தம். ஒரு வருஷத்துப் பழைய பச்சரிசியைக் குழைய வடித்து, அதில் பூண்டுக் குழம்பு, மிளகு ரசம், சுட்ட கருவாடு ஒரு துண்டு. தின்று முடித்ததும் வெற்றிலை. அவ்வளவுதான்.

"தாய் துன்றதுதான் பால்ல எறங்கும், நைனா. அரிசில தவிடு ஒட்டிக்கினு இருந்தா கொயந்தைக்கு வவுறு ஊதிக்கும். நல்லா வெள்ளையா கீற அரிசியா பாத்து அரைச்சி கொண்டா" என்றாள்.

வெள்ளை அரிசி வேண்டும் என்று ஒரு மில்காரனிடம் சொன்னால் அவன் சும்மா இருப்பானா? களத்தில் ஆளை நிறுத்திவிட்டு நானே மிஷினை ஓட்டினேன். மூன்றாவது பாலிஷ் முடிந்து அரிசியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். போதும் என்றுதான் தோன்றியது. இருந்தாலும் என் தங்கைக்கு ஆயிற்றே என்று இன்னொரு தடவை விட்டேன். மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தபோது எனக்கிருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை.

என் மனைவி, "குக்கர்ல வெச்சா சீக்கிரம் குழையுங்க" என்று ஒரு நாள் சொல்லிப் பார்த்தாள். அத்தைக்கு வந்ததே கோபம். கஞ்சி வடிக்காத சோறு பிள்ளை பெற்றவளுக்கு விஷம் என்றாள். அத்தைக்குப் பாத்திரத்தைப் பற்றியே தனியாக ஒரு ஞானம் உண்டு. அந்தக் காலத்தில் ஈயம் பூசிய பித்தளைத் தவலை, அப்புறம் அலுமினியக் குண்டான். எதுவானாலும் சாய்த்து வடிக்க வேண்டும், வடித்தால்தான் சோறு. குக்கர் வந்து முப்பது நாற்பது வருஷம் ஆகியும் அவளுக்கு அது சோற்றுக்குள்ளேயே கெட்டதைப் பூட்டி வைக்கிற டப்பாதான். அதனால் அலுமினியக் குண்டானில்தான் பொங்கினார்கள். அரிசியை நாலு தண்ணீர் களைந்தார்கள், கடைசித் தண்ணீர் குடிக்கிற தண்ணீர்போலத் தெளியும்வரை. வடித்த கஞ்சியும், களைந்த கழுநீரும், என் பாலிஷரிலிருந்து வந்த தவிடும் தொழுவத்துத் தொட்டிக்குப் போயின. அதே வாரம் ஈன்றிருந்த மாடு அதை ஒரே மூச்சில் உறிஞ்சிவிடும். அதன் கன்று கொழுகொழு என்று கயிற்றை அறுத்துக்கொண்டு துள்ளியது. அதைப் பார்த்து நாங்கள் எல்லோரும் சிரிப்போம்.

ஒன்றரை மாசம் இருக்கும். தங்கை கால் இரண்டையும் தேய்த்துக்கொண்டே, "அண்ணா, காலு மரமரன்னு கீது. எறும்பு ஊர்ற மாரி கீது" என்றாள். அத்தையிடம் சொன்னேன். பச்சை உடம்பு, வாதம் ஏறுகிறது என்று சொல்லி இருந்த ஒரு துண்டுக் கருவாட்டையும் நிறுத்திவிட்டாள்.

அது மல்லாட்டை பிடுங்குகிற பருவம். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் மல்லாட்டை என்று பெயர். மில் களத்தில் பாதிக்கு நெல், பாதிக்கு மல்லாட்டை என்று காய்ந்துகொண்டிருந்தது. ஒரு மத்தியானம் தொழுவத்துப் பக்கம் போனேன். வைக்கோல் போருக்குப் பின்னால் தங்கை குந்தியிருந்தாள். புடவை மடி நிறைய மல்லாட்டை. காலடியில் உடைத்த ஓடு, எங்கள் பேச்சில் தொப்பி, குவிந்திருந்தது. என்னைப் பார்த்ததும், சின்ன வயசில் சர்க்கரை டப்பாவோடு மாட்டிக்கொண்டால் சிரிப்பாளே, அதே சிரிப்பு.

"ரெண்டே ரெண்டு துன்னேண்ணா. அத்தைகிட்ட சொல்லாத. வாய் நமநமங்குது."

நான் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. அவள் மடியை உதறி அத்தனையையும் தொட்டியில் கொட்டினேன். "பால் குடிக்கிற கொயந்தையை வெச்சிக்கினு இன்னா வேலை பண்ற நீ" என்று கத்தினேன். அப்படியே நேராகப் போய் அத்தையிடமும் சொன்னேன். அண்ணன் என்ற பொறுப்பாம். அத்தை அவளை அன்று பேசியதை எழுத மாட்டேன். அன்றிலிருந்து அவள் வாசல் தாண்டாமல் பார்த்துக்கொண்டார்கள். காய்ந்த மல்லாட்டையை நான் அந்த வாரமே மூட்டை கட்டி அனுப்பிவிட்டேன்.

மூன்று வாரம் போயிற்று. குழந்தை பால் குடித்ததும் கக்க ஆரம்பித்தது. ஆள் குண்டாகத்தான் இருந்தான். பார்க்கிறவர்கள் கண் பட்டுவிட்டது என்றார்கள். வசம்பு சுட்டுக் கொடுத்தாள் அத்தை. அப்புறம் அவன் அழுகை மாறியது. முதலில் தொண்டை கட்டினதுபோல இருந்தது. அடுத்த நாள் காலையில் வாயைத் திறந்து, முகம் சிவந்து, கையைக் காலை உதைத்துக்கொண்டு அழுகிறான், சத்தமே இல்லை. டி.வி.யில் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பதுபோல. தங்கைதான் முதலில் பார்த்தாள். "கொயந்தை அயுவுது, சத்தமே வரல" என்று ஓடி வந்தாள். ஆம்புலன்ஸ் வந்தது. மூச்சு வேகமாக வாங்கியது. உதடு நீலமாயிற்று. பெரிய ஆஸ்பத்திரி வாசல் தெரிந்தபோது அவன் மூச்சு நின்றுவிட்டது. இதயம் நின்று போனதாகச் சொன்னார்கள். அவன் கையைக் காலை உதைத்த காலை நேரமும் பகல் பன்னிரண்டு மணியும் ஒரே நாளில் இருந்தன என்பதை என்னால் இன்றைக்கும் நம்ப முடியவில்லை.

காரணம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பத்தியம் முறித்தாள், பச்சை மல்லாட்டையைத் தின்றாள், பால் கெட்டது, பிள்ளை போயிற்று. ராஜகுளத்தில் அவள் மாமியார் வீட்டுக்கு அந்தச் செய்தி எப்படிப் போனது என்று கேட்காதீர்கள்; எங்கள் வீட்டு வாயிலிருந்துதான் போயிருக்க வேண்டும். அவளை யாரும் அடிக்கவில்லை, துரத்தவில்லை. ஆனால் யாராவது துக்கம் கேட்க வந்தால் அவளே முந்திக்கொண்டு, "நான்தான் துன்னுட்டேன்" என்று சொல்லுவாள். பதினாறாம் நாள் படையலுக்கு முன்னால் நின்று, சாகிற வரைக்கும் மல்லாட்டையைத் தொடுவதில்லை என்று கற்பூரத்தின்மேல் அடித்துச் சத்தியம் பண்ணினாள். நான் பக்கத்தில் நின்றேன். நல்ல முடிவு என்று எனக்கே தோன்றியது. அதை நினைத்தால் இப்போது என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்போல இருக்கிறது.

இரண்டு வருஷம் கழித்து மறுபடியும் பிரசவத்துக்கு வந்தாள். இந்தத் தடவை பெண். நாங்கள் புத்தி வந்தவர்கள் இல்லையா, பத்தியத்தை இன்னும் இறுக்கினோம். கருவாடு முதல் நாளிலிருந்தே கிடையாது. அந்தப் போகத்து மல்லாட்டையை நிலத்திலேயே வியாபாரியிடம் தள்ளிவிட்டேன், ஒரு கொட்டைகூட வீட்டுப் பக்கம் வரவில்லை. அரிசி அதே நாலு பாலிஷ். தங்கையைக் காவல் காக்க வேண்டிய தேவையே இல்லை. போட்டதைத் தின்றாள், வெற்றிலையை மென்றாள், குழந்தையை மார்போடு சேர்த்துக்கொண்டு படுத்தாள். கால் மரத்துப்போகிறது என்று என் மனைவியிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை, சொன்னால் அத்தையிடம் போகும் என்று தெரியும்.

எழுபதாவது நாளோ என்னவோ, காலை பத்து மணிக்கு மில்லிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுகிறேன். உள்ளே தங்கை குழந்தையை ஏந்தியபடி நின்றாள். குழந்தை வாயைத் திறந்திருந்தது. முகம் சிவந்திருந்தது. சத்தம் இல்லை. தங்கை என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கேள்விகூட இல்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்குக் காரை எடுத்தேன். பின்னால் தங்கையும் என் மனைவியும். உத்திரமேரூர் பஜாரைத் தாண்டும்போது என் மனைவி, "வண்டியை நிறுத்துங்க. உதடு நீலம் பாயுது. அவ்ளோ தூரம் தாங்காது" என்றாள். நான் நிறுத்தவில்லை. அவள் என் தோளில் ஓங்கி ஒரு அடி அடித்தாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அது ஒன்றுதான். நிறுத்தினேன். ஒரு பாய் வைத்திருந்த மருந்துக்கடைக்குப் பின்னால் புதிதாக ஒரு பெண் டாக்டர் உட்காரத் தொடங்கியிருந்தார். அங்கே ஓடினோம்.

அந்த டாக்டருக்கு என் தங்கை வயசுதான் இருக்கும். குழந்தையின் நெஞ்சில் குழலை வைத்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், சத்தமில்லாத அந்த அழுகையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். அப்புறம் யாரும் எங்களிடம் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார்.

"அம்மா என்ன சாப்பிடறாங்க?"

என் தங்கை பயந்துபோய், "நான் ஒன்னுமே துன்னல டாக்டர். சத்தியமா ஒன்னுமே துன்னல" என்று அழத் தொடங்கினாள். நான் முன்னால் வந்தேன். வாயைத் திறந்து, அந்த நேரத்திலும் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்: "சுத்தமான பச்சரிசிதான் டாக்டர். நாலு பாலிஷ் போட்டது. நானே அரைச்சது. கஞ்சி வடிச்சிதான் குடுக்கறோம்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். திட்டவில்லை. பாயைக் கூப்பிட்டு ஒரு ஊசி மருந்தின் பெயரைச் சொன்னார். அது குடிகாரர்களுக்குப் போடுகிற வைட்டமின், அதனால் கடையில் எப்போதும் இருக்குமாம். பாய் பெட்டியோடு கொண்டுவந்து வைத்தார். டாக்டர் ஊசி போட்டார், ஆம்புலன்ஸுக்குச் சொன்னார், தானும் கூடவே ஏறிக்கொண்டார். போகிற வழியெல்லாம் குழந்தையின் உதட்டையே பார்த்துக்கொண்டு வந்தேன். நீலம் அப்படியேதான் இருந்தது. ஆஸ்பத்திரியில் உள்ளே கொண்டுபோனார்கள். நாங்கள் வெளியே வேப்ப மரத்தடியில் நின்றோம். மத்தியானம் இரண்டு மணி இருக்கும். வார்டுக்குள்ளிருந்து ஒரு அழுகை கேட்டது. கரகரவென்று, காக்கைக் குரல்போல. ஆனால் சத்தம். தங்கை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டர் வெளியே வந்து என்னைத் தனியாக அழைத்தார். இதற்கு முன்னால் வடகிழக்கு மலைப்பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாராம். அங்கேயும் பிள்ளை பெற்றவளுக்கு வெறும் வெள்ளைச் சோறுதான் போடுவார்களாம். இப்படிச் சத்தமில்லாமல் அழுகிற குழந்தைகளை அங்கே பார்த்திருக்கிறாராம். அரிசியின் தவிட்டில் இருக்கிற ஒரு சத்து தாய்க்கு இல்லாமல் போனால் பாலிலும் இருக்காது. தாய்க்குக் கால் மரத்துப்போகும். பால் குடிக்கிற குழந்தைக்கோ இதயம் நின்றுபோகும். பெரிபெரி என்று பெயர். மிகப் பழைய வியாதி, இப்போது டாக்டர்களே மறந்துவிட்ட வியாதி என்றார்.

"முதல் பையனும் இப்படித்தான் அழுதான் டாக்டர்" என்றேன்.

"நான் அந்தக் குழந்தையைப் பார்க்கல. உறுதியா சொல்ல முடியாது" என்றார். "ஆனா அந்த அழுகை..." என்று நிறுத்திக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் இருந்த அந்த ஒரு வாரம் நான் போனில் படித்ததெல்லாம் இந்த ஒரு வியாதியைத்தான். நூறு வருஷத்துக்கு மேலாயிற்று, ஜாவாவில் டச்சுக்காரர்களின் ராணுவ ஆஸ்பத்திரி முற்றத்தில் கோழி வளர்த்திருக்கிறார்கள். நோயாளிகளுக்குப் பொங்கிய வெள்ளைச் சோற்றில் மிஞ்சியதைப் போட்டார்கள். கோழிகளின் கால் மடங்கிப் போயிற்று, நிற்க முடியாமல் விழுந்தன. அப்புறம் புதிதாக ஒரு சமையல்காரன் வந்தான். ராணுவத்துச் சோற்றை ராணுவத்தில் இல்லாத கோழிக்கு ஏன் போட வேண்டும் என்று அவன் மறுத்துவிட்டான். பாலிஷ் போடாத மட்ட அரிசியைப் போட்டார்கள். கோழிகள் எழுந்து நடந்தன. ஒரு சமையல்காரனின் கஞ்சத்தனத்தால் ஒரு வியாதியின் குட்டு வெளிப்பட்டது. படித்துவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

இன்னொன்றும் படித்தேன். வெள்ளைக்காரன் காலத்து மெட்ராஸ் மாகாணத்தில் இந்த வியாதி பச்சரிசி தின்கிற ஆந்திரக் கடற்கரையைத்தான் பிடித்து ஆட்டியது. புழுங்கல் தின்கிற நம் பக்கம் அவ்வளவாக வரவில்லை. நெல்லை உமியோடு ஊற வைத்து அவிக்கும்போது தவிட்டில் இருக்கிற சத்து அரிசிக்குள்ளே இறங்கிவிடுகிறதாம். அப்புறம் எந்த மிஷினில் போட்டாலும் முழுசாகப் போகாது. நம் ஆட்கள் இதைத் தெரிந்து செய்யவில்லை. அவித்தால் அரிசி உடையாது, வண்டு பிடிக்காது என்பதற்காகச் செய்தார்கள். நாற்றம் பிடித்த அரிசி, ஏழை அரிசி என்று அதையே கேவலமாகவும் பேசினார்கள். என் மில்லில் புழுங்கல் ஊறுகிற தொட்டியைத் தாண்டும்போது நானே மூக்கைப் பொத்திக்கொண்டு போனவன்தான்.

அத்தை ஆஸ்பத்திரிக்கு வந்தபோது இதை எல்லாம் சொன்னேன். "நாங்கல்லாம் இதத்தானே துன்னு பெத்தோம்" என்றாள். துன்னது உண்மைதான். ஆனால் அவள் பிள்ளை பெற்ற நாளில் அவளுக்குப் பொங்கியது உரலில் குத்திய அரிசி. குத்திக் குத்தி அவள் வலது தோள் இன்றைக்கும் முழுசாகத் தூக்க வராது. கைக்குத்தல் அரிசிதான் பொற்காலம் என்று இப்போது பேசுகிறவர்கள் அந்தத் தோளைப் பார்த்துவிட்டுப் பேசட்டும். எவ்வளவு குத்தினாலும் கொஞ்சம் தவிடு அதில் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். பத்தியம் அந்த அரிசிக்குப் போட்ட கணக்கு. அரிசி மாறியது யாருக்கும் தெரியவில்லை, மாற்றியவன் நான். முன்னோர் விலக்கியது என்று அவள் சொன்ன மல்லாட்டையும் அப்படித்தான். அது கடல் தாண்டி, மணிலாவிலிருந்து கப்பலில் வந்த கொட்டை. அதனால்தான் மணிலாக்கொட்டை, மல்லாக்கொட்டை, மல்லாட்டை. அவள் சொல்கிற முன்னோர் அதைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். விலக்குவது எங்கே? அத்தை குழந்தையின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். டீகூடக் குடிக்காமல் பெருநகர் பஸ்ஸைப் பார்த்துப் போய்விட்டாள்.

படித்ததில் கடைசியாக ஒன்று இருந்தது. எந்தத் தவிட்டை நான் சுரண்டினேனோ, அதில் இருக்கிற சத்து வேறு எதில் எல்லாம் இருக்கிறது என்று ஒரு பட்டியல். பருப்பு இருந்தது. முட்டை இருந்தது. வேர்க்கடலை மேலேயே இருந்தது. நான் போனை அணைத்துப் பைக்குள் வைத்தேன்.

வீட்டுக்குப் போகும்போது டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். கூடவே, சாப்பாடு மாறாவிட்டால் மாத்திரை தீர்ந்ததும் மறுபடியும் வரும் என்றார். புழுங்கல் சோறு, பருப்பு, முட்டை, தினமும் ஒரு கை வேர்க்கடலை. தங்கை தலையை ஆட்டினாள். வீட்டுக்கு வந்ததும் மாத்திரையை மட்டும் விழுங்கினாள். மற்றது எதையும் தொடவில்லை. என் மனைவி கெஞ்சிப் பார்த்தாள், அழுது பார்த்தாள். "ஒன்னு போனது போதும் அண்ணி. பச்சரிசியே போடுங்க" என்றாள். இரண்டு நாள் இப்படியே போயிற்று. ஊசி காப்பாற்றிய குழந்தையை நாங்கள் மறுபடியும் சோற்றால் கொல்லப்போகிறோம் என்று எனக்குத் தெரிந்தது. உண்மையைச் சொல்லாமல் அவள் தின்னமாட்டாள் என்பதும் தெரிந்தது. சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் கடையில் மல்லாட்டை வாங்கி வந்து முறத்தில் கொட்டினேன். தங்கையின் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து உடைக்க ஆரம்பித்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "எடுத்துக்கினு போண்ணா. அதத் துன்னுதான் என் புள்ளை போனான்."

"அதத் துன்னதால போவல" என்றேன். "நான் போட்ட அரிசியால போனான்."

எல்லாவற்றையும் சொன்னேன். கோழியைச் சொன்னேன், தவிட்டைச் சொன்னேன், நாலு பாலிஷைச் சொன்னேன். பட்டியலில் மேலே என்ன இருந்தது என்பதையும் சொன்னேன். அவள் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே கேட்டாள். அழவில்லை. குழந்தையைப் பக்கத்தில் கிடத்திவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"நீ பாத்தியே, அன்னிக்கி மட்டும் இல்ல நான் துன்னது. அதுக்கு முன்னால பத்து நாளா தெனம் மத்தியானம் போயி துன்னுக்கினு இருந்தேன். அந்தப் பத்து நாளும் எனக்குக் காலு மரத்துப் போவல. சொன்னா திட்டுவீங்கன்னு சொல்லல."

நான் உடைப்பதை நிறுத்திவிட்டேன்.

"நீ புடுங்கி தொட்டில கொட்டாம இருந்தா, அவன் பொழச்சிருப்பானாண்ணா?"

உறுதியாகச் சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த வாக்கியத்தை அப்படியே எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டு நான் தப்பித்திருக்கலாம். இரண்டு வருஷமாக அவள் யாரிடமும் அப்படித் தப்பித்ததில்லை.

"பொழச்சிருப்பான்" என்றேன்.

அவள் கட்டிலைவிட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்தாள். என் உள்ளங்கையில் உடைத்த பருப்பு ஒரு குத்து இருந்தது, நீட்டினேன். அவள் அதைப் பார்க்கவே இல்லை. முறத்தைத் தன் பக்கமாக இழுத்து, தொப்பியோடு இருந்ததை ஒவ்வொன்றாக எடுத்து, தானே உடைத்துத் தின்றாள்.